வெட்டாமல் பார்க்கும் வெளிச்சம்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



என்னை உங்களுக்குத் தெரியும். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் சிரித்தார். "சார், போன தடவை மாதிரி நாமினேஷன், உயில் என்று பேசுங்களேன், எல்லோருக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். நாமினேஷன் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் உயிரோடு இருக்கிற வழியையும் கொஞ்சம் பார்த்துவிடலாமே என்றுதான் இந்தப் பேச்சு.

போன வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. ஒன்று எனக்கு, ஒன்று என் அண்ணனுக்கு. அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. திருச்சியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். "இமைக்காம அந்தப் புள்ளியையே பாருங்கய்யா" என்றார் அந்தப் பெண். ஒரு சிவப்புக் கோடு ஓடியது. சில நொடிகள்தான். "முடிஞ்சுது, அடுத்த கண்" என்றார். வெளியே வந்து டாக்டரிடம் உட்கார்ந்தால், என் கண்ணின் உட்சுவர் திரையில் தெரிகிறது. நம் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தால் சுவரில் அடுக்கு அடுக்காகத் தெரியுமே, அதே மாதிரி. இத்தனைக்கும் விழித்திரை என்பது மொத்தமே கால் மில்லிமீட்டர் கனம். ஊசி இல்லை, கத்தி இல்லை.

அண்ணன் கதை வேறு. அவருக்கு நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை. கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. டாக்டர் பார்த்தவுடனே பயாப்சி செய்யணும் என்றார். அதாவது புண்ணின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு சதையை வெட்டி எடுத்துப் பார்ப்பது. அண்ணன் மறுத்துவிட்டார். "கத்தி பட்டா பரவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர் இதே வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள்.

நான் என் கண் பரிசோதனையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப் போக, அதையே பிடித்துக்கொண்டார். "உனக்குக் கண்ணையே வெட்டாம உள்ளே பார்த்துட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் கத்தி?" என்றார். அவருடைய மகள் பெங்களூரில் உயிரியல் ஆராய்ச்சி மாணவி. மீன் குஞ்சின் இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. அவளிடமும் போனில் கேட்டார்: "மீனோட நெஞ்சைக் கிழிக்காம பாக்கறே. அப்பன் வாயைப் பாக்க ஒரு மிஷின் இல்லையாம்மா?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டாள். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். நான் புரிந்துகொண்டதை என் கணக்குப் பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், சதையை ஏன் வெட்டிப் பார்க்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது ஞாபகம் இருக்கலாம். தோலை உரித்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒளி பொருளை ஊடுருவி வர வேண்டும். கனமாக இருந்தால் மேலே இருப்பது, நடுவில் இருப்பது, கீழே இருப்பது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கலங்கிப் போகும். லெட்ஜரின் நூறு பக்கத்தையும் கண்ணாடித் தாளில் எழுதி, மூடி வைத்து, மேலிருந்து படிக்கிற மாதிரி. எல்லா எழுத்தும் இருக்கும், ஒன்றும் படிக்க முடியாது.

அதனால்தான் மெல்லிய சீவல் வேண்டும். வெட்டி எடுத்த சதையை ஃபார்மலினில் ஊற வைக்கிறார்கள். பிறகு நீரை எல்லாம் எடுத்துவிட்டு மெழுகில் புதைக்கிறார்கள். மெழுகுக் கட்டியை நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான் அளவுக்கு வரும். அந்தச் சீவலுக்கு ஊதா, இளஞ்சிவப்பு என்று சாயம் ஏற்றி, ஒரு நோய்க்குறி நிபுணர் உட்கார்ந்து பார்க்கிறார். அண்ணனுடைய ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆனது. யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. வேலையே அப்படி.

இந்தச் சீவல் வழியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் ஒரு மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கருவில் வளரும் குழந்தையின் மூளையைச் சீவல் சீவலாகப் படமெடுத்து, அவற்றைச் சேர்த்து முப்பரிமாண வரைபடமாக 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். பெயர் 'தரணி'. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் நடந்த பெரிய வேலை அது.

ஆனாலும் சீவல் என்பது பேலன்ஸ் ஷீட். மார்ச் 31 மாலையில் கணக்கு எப்படி நின்றது என்று காட்டும். ஏப்ரலில் இருந்து பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்தச் செக் திரும்பியது என்று தெரிய வேண்டுமானால் டே புக் வேண்டும். உயிர் என்பதோ டே புக்கில் நடக்கிற விஷயம். இதயம் துடிக்கிறது, ரத்த அணு ஓடுகிறது, ஒரு செல் இரண்டாகிறது. சீவுகிற நிமிஷத்தில் அதெல்லாம் நின்றுவிடும்.

உயிரோடு இருக்கிற திசுவை, முழுக் கனத்தோடு, அது அசைகிற வேகத்திலேயே பார்க்க முடியுமா? விஞ்ஞானிகள் இதற்குப் பல வருடம் உழைத்திருக்கிறார்கள்.

முதல் பெரிய அடி அமெரிக்காவின் மார்வின் மின்ஸ்கி எடுத்தது. 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் என்று பெயர். பொருளின் ஒரே ஒரு புள்ளியில் ஒளியைக் குவிப்பது. அந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளி மட்டும் ஒரு ஊசித் துளை வழியாக உள்ளே வரும். மேலேயும் கீழேயும் இருந்து வரும் கலங்கல் ஒளி துளையில் மோதி நின்றுவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒரு அடுக்கு முடித்து, அடுத்த அடுக்குக்குப் போனால், வெட்டாமலே உள்ளே இருப்பது அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

அருமையான வழி. ஆனால் இரண்டு குறை. ஒன்று, மெதுவாக நடக்கும். நான் வேலையில் சேர்ந்தபோது நோட்டை ஒவ்வொன்றாகக் கையால் எண்ணியது போல. நீங்கள் முதல் அடுக்கை முடித்து பத்தாவது அடுக்குக்கு வருவதற்குள் இதயம் பல தடவை துடித்துவிடும். அந்தக் காலத்து குரூப் போட்டோவில் அசைந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு தலை இருக்குமே, அந்தக் கதிதான்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியம். ஒளி சும்மா வருவதில்லை, உயிருள்ள செல்லுக்கு அதனால் பாதிப்பு உண்டு. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த சாயத்துணி வெளுத்துப் போகிறதல்லவா? லேசர் ஒளியில் செல்லுக்குள் இருக்கும் நிறமிகள் வெளுக்கும், செல்லும் நோகும், கடைசியில் சாகும். கன்ஃபோகலில் ஒரு புள்ளியைப் பார்ப்பதற்காகப் போகும் ஒளி, வழியில் மேலே கீழே இருக்கும் எல்லா அடுக்கையும் சுட்டுக்கொண்டே போகிறது. நூறு அடுக்கு இருந்தால், ஒவ்வொரு அடுக்கும் தன் முறைக்கு ஒரு தடவை, மற்றவர் முறைக்குத் தொண்ணூற்றொன்பது தடவை என்று ஒளியை வாங்குகிறது. பக்கத்து வீட்டுக் கரண்ட் பில்லையும் நாமே கட்டுவது போல. இப்படி ஒரு மணி நேரம் பார்த்தால், பார்க்கப்படுகிற உயிர் பழைய உயிராக இருக்காது.

இதற்கு விடை என்ன என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "சித்தப்பா, நம்ம பழைய வீட்டுல கூடத்துக்கு மேல கண்ணாடி ஓடு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? காலைல வெயில் அது வழியா இறங்கும்போது தூசி பறக்கிறது தெரியும்ல? அதுதான்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. உங்களுக்கும் புரியும். கூடம் முழுக்கத் தூசி இருக்கிறது. ஆனால் வெயில் கீற்று விழுகிற இடத்தில் மட்டும்தான் மின்னுகிறது. நாம் கீற்றுக்குள் நின்று பார்ப்பதில்லை, பக்கத்தில் இருட்டில் நின்று பார்க்கிறோம். அந்தக் கீற்றை ஒரு தாள் போலத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பொருளின் பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். மேலேயிருந்து கேமரா பார்க்கட்டும். எந்த அடுக்கைப் பார்க்கிறோமோ அந்த அடுக்கில் மட்டும் ஒளி. மற்ற அடுக்குகள் இருட்டில் நிம்மதியாக இருக்கும். இன்னொரு லாபம், ஒரு அடுக்கு முழுவதும் ஒரே நொடிப்பொழுதில் கேமராவில் விழுந்துவிடும். புள்ளி புள்ளியாக எண்ண வேண்டாம். கையால் எண்ணியவனுக்கு நோட்டு எண்ணும் மிஷின் வந்தது போல.

இந்த யோசனை 1903-லேயே வந்துவிட்டது. ஹென்றி சீடென்டாஃப், ரிச்சர்டு சிக்மாண்டி என்ற இருவர் ஜெர்மனியில் கண்ணாடிக்குள் கலந்திருக்கும் தங்கத் துகள்களைப் பார்ப்பதற்குப் பக்கவாட்டு ஒளியைப் பயன்படுத்தினார்கள். சிக்மாண்டிக்கு 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உயிருள்ள பிராணியைப் பார்க்க இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர்கள் நூறு வருடம் கழித்துத்தான் வந்தார்கள். 2004-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலுள்ள ஆய்வகத்தில் யான் ஹுயிஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழுவினர் மெடாக்கா என்ற சிறு மீனின் கருவை உயிரோடு வைத்து, அதன் இதயத்தைப் படமெடுத்துக் காட்டினார்கள். ஒளித்தாள் மைக்ராஸ்கோப் என்று இதைச் சொல்லலாம்.

இடையில் இருந்த நூறு வருடத்தில் லேசர் வந்தது, டிஜிட்டல் கேமரா வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதம் வந்தது. அதன் மரபணுவை வேறொரு பிராணிக்குள் வைத்தால், நாம் விரும்பும் செல் மட்டும் நீல ஒளி பட்டதும் பச்சையாக மின்னும். சாயம் ஏற்றிக் கொல்ல வேண்டியதில்லை. இதற்காக ஷிமோமுரா, சால்ஃபி, ராஜர் சியென் ஆகிய மூவருக்கு 2008-ல் நோபல் கொடுத்தார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு உலகம் முழுக்க உதவுகிற பிராணி நம் நாட்டுக்காரர். கலர் மீன் கடையில் நீலக் கோடு போட்ட சின்ன மீன் பார்த்திருப்பீர்கள், ஜீப்ரா மீன். கங்கை நதி மீன்களைப் பற்றி 1822-ல் புத்தகம் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன்தான் அதற்கு முதலில் அறிவியல் பெயர் கொடுத்தவர். முட்டை வெளியில்தான் வளரும். குஞ்சு கண்ணாடி போல இருக்கும். ஒரு நாளிலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும், வெளியிலிருந்தே தெரியும்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று. ஜீப்ரா மீனின் இதயத்தில் கீழறையின் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் மறுபடி வளர்ந்துவிடுகிறது. 2002-ல் கண்டுபிடித்தார்கள். நமக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் செத்த சதை செத்ததுதான், தழும்பாகிவிடும். மீனுக்கு எப்படி முடிகிறது? செத்த மீனின் சீவலை வைத்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இதயம் துடிக்கத் துடிக்கப் பார்க்க வேண்டும். அண்ணன் மகள் போன்றவர்கள் ஏன் மீன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒளித்தாள் வந்த பிறகு வேலை வேகம் பிடித்தது. 2008-ல் ஃபிலிப் கெல்லரும் ஸ்டெல்சரும் ஒரு ஜீப்ரா மீன் கருவின் முதல் 24 மணி நேரத்தைப் படம் பிடித்து, செல்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று தொடர்ந்தார்கள். 2013-ல் கெல்லரும் மிஷா ஆரன்ஸும் அமெரிக்காவில், ஜீப்ரா மீன் குஞ்சின் மூளையிலுள்ள சுமார் ஒரு லட்சம் நரம்பு செல்களில் எண்பது சதவீதத்துக்கு மேல், எது எப்போது வேலை செய்கிறது என்று 1.3 நொடிக்கு ஒரு தடவை முழு மூளையையும் பதிவு செய்தார்கள். ஒரு உயிரின் மூளை முழுவதற்கும் டே புக் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்த பிரதிம் மண்டல் குழுவினர் ஒளித்தாள் மைக்ராஸ்கோப்பை மேம்படுத்தி வருகிறார்கள். அதே ஊரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலை குழுவினர், ஜீப்ரா மீன் குஞ்சின் சிறுமூளை அதன் அசைவை எப்படி வழிநடத்துகிறது என்று உயிரோடு வைத்து ஆராய்கிறார்கள்.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். பக்கவாட்டில் ஒரு லென்ஸ், மேலே ஒரு லென்ஸ் என்றால் பொருளை நடுவில் தொங்கவிட வேண்டும். மீன் குஞ்சைத் தொங்கவிடலாம். மனிதனைத் தொங்கவிட முடியுமா? அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஹில்மன் 2015-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். 'ஸ்கேப்' என்று பெயர் வைத்தார். ஒரே லென்ஸ். அதன் ஓரத்தின் வழியாக ஒளித்தாளைச் சாய்வாக உள்ளே அனுப்புவது. திரும்பி வரும் ஒளியையும் அதே லென்ஸில் வாங்குவது. ஒரு சிறு கண்ணாடியை ஆட்டினால் போதும், ஜெராக்ஸ் மிஷினில் ஒளிக்கோடு ஓடுகிற மாதிரி ஒளித்தாள் சதைக்குள் ஓடிவிடும். லென்ஸும் அசைய வேண்டாம், பிராணியும் அசைய வேண்டாம். 2019-ல் வந்த அடுத்த வடிவத்தில் நொடிக்கு 300 முப்பரிமாணப் படங்களுக்கு மேல் எடுக்க முடிந்தது. துடிக்கிற மீன் இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதையே பார்த்துவிட்டார்கள்.

2022-ல் அதே குழு 'மெடிஸ்கேப்' என்ற ஒன்றை வெளியிட்டது. இதைப் படித்தபோது எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. நம் சதைக்கே இயற்கையாக ஒரு மெல்லிய ஒளிர்வு உண்டு. சாயம் இல்லாமல், மரபணு மாற்றாமல், அந்த ஒளிர்வை வைத்தே உடம்பில் இருக்கிற திசுவை அங்கேயே முப்பரிமாணத்தில் பார்ப்பதுதான் மெடிஸ்கேப். அவர்கள் பரிசோதித்த இடங்களில் மனிதனின் வாயும் ஒன்று. அதாவது அண்ணன் கேட்ட மிஷின் உலகத்தில் பிறந்துவிட்டது. ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிக் குழந்தை. நம் ஊர் டாக்டர் மேஜைக்கு வரவில்லை.

சரி, அப்படியானால் என் கண்ணை மட்டும் எப்படிப் பார்த்தார்கள்? அந்த இயந்திரத்தின் பெயர் ஓசிடி. 1991-ல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோர் உருவாக்கினார்கள். இது மைக்ராஸ்கோப் குடும்பத்தில் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வழி வேறு, நோக்கம் ஒன்று.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டிருக்கிறீர்களா? நம் கேஷ் புக் ஒரு பக்கம், பாஸ் புக் ஒரு பக்கம். இரண்டிலும் ஒத்துப்போகிற பதிவுக்கு மட்டும் டிக் போடுவோம். ஓசிடி அதையேதான் செய்கிறது. ஒரு ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. இன்னொன்றைத் தூரம் தெரிந்த ஒரு கண்ணாடிக்கு அனுப்புகிறது. இரண்டும் திரும்பி வரும்போது ஒப்பிடுகிறது. ஒரே தூரம் போய் வந்த ஒளி மட்டும் டேலி ஆகும். அதை வைத்து எந்த ஆழத்தில் எந்த அடுக்கு இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். 2002-ல் வந்த ஓசிடி நொடிக்கு 400 கோடுகள் பதிவு செய்தது. இன்றைய கருவிகள் பல்லாயிரம், சில ஒரு லட்சத்துக்கு மேலும் போகின்றன. அதனால்தான் நான் இமைப்பதற்குள் முடிந்தது. அந்த மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

ஆனால் கருவியின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. கண் என்பது கடவுளே வைத்த ஜன்னல். ஒளி உள்ளே போவதற்கென்றே அமைந்தது. மற்ற சதை அப்படியில்லை. இன்று ராத்திரி வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும். ஆனால் எலும்போ ரத்தக் குழாயோ தெளிவாகத் தெரியாது. ஒளி உள்ளே போகிறது, ஆனால் சிதறிப் போகிறது. செல் அளவுக்குத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால், ஒளி ஒரு மில்லிமீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பாலும் கலங்கிவிடும். மீன் குஞ்சு கண்ணாடி, என் விழித்திரை ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது, அண்ணனுடைய கன்னம் செங்கல் சுவர். அவர் கேள்விக்குப் பதில் இதுதான். அவருக்கு யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

இந்தப் பதிலை அவரிடம் டார்ச்சை வைத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். ஆனால் அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. துண்டு எடுத்தார்கள், ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. ரிசல்ட் புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை எல்லாம் முடிந்து இப்போது இருக்கிறார். சாப்பாடு மிருதுவாகத்தான் வேண்டும், பேச்சு கொஞ்சம் குழறும். "முதல்லயே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று மாதத்துக்குக் காரணம் எங்கள் குடும்பத்தின் பயமும் நான் சேர்ந்து தலையாட்டியதும்தான். படித்தவன் என்ற முறையில் முதல் வாரமே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. சர்க்கரை இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள். விழித்திரையில் பாதிப்பு ஆரம்பிக்கும்போது பார்வையில் வித்தியாசமே தெரியாது. நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் ஓசிடி அதைக் காட்டிக் கொடுத்துவிடும், மருத்துவமும் உண்டு. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், விரல்கள் மூட்டுவாதத்தால் வளைந்திருந்தன. அந்த வயதில் அவர் ஆயிரமாயிரம் கண்களைத் திறந்தார். நாம் நம் கண்ணையாவது காட்டிக்கொள்ளலாம்.

இரண்டு. வாயில் ஒரு புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அரியலூரிலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயாப்சி என்றால் மறுக்காதீர்கள். கத்தி பட்டுப் பரவுவதில்லை, நாம் தள்ளிப் போடும் நாளில்தான் பரவுகிறது. பேலன்ஸ் ஷீட் முழுக் கதையும் சொல்லாது என்றேன். ஆனால் கம்பெனி திவாலா இல்லையா என்பதற்கு இன்றும் அதைத்தான் நம்புகிறோம். அதேபோல் புற்றா இல்லையா என்பதற்கு இன்றைக்கு அந்தச் சீவல்தான் சாட்சி. லைட் அடித்தே புற்றுநோயை உறுதியாகச் சொல்லிவிடுவோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. உங்கள் வீட்டுப் பிள்ளை மீனையோ ஈயையோ வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், அதனால் என்ன வருமானம் என்று முதல் கேள்வியே கேட்காதீர்கள். கண்ணாடிக்குள் தங்கத் தூசியைப் பார்க்க இருவர் 1903-ல் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார்கள். நூறு வருடம் கழித்து அது துடிக்கும் இதயத்தைக் காட்டுகிறது. இன்னும் சில வருடத்தில் நம் பேரப்பிள்ளைகளின் வாய்ப்புண்ணை வெட்டாமலே அது பார்க்கக்கூடும்.

போன பொங்கலுக்கு அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவள் லேப்டாப்பில் மீன் குஞ்சின் இதயம் துடிப்பதை அப்பாவுக்குக் காட்டினாள். பச்சை நிறத்தில் இரண்டு அறை, ஒன்று சுருங்க ஒன்று விரிய. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். குழறலோடு ஒன்றே ஒன்று கேட்டார்: "அது உயிரோட இருக்காம்மா இப்போ?"

"இருக்குப்பா. பார்த்து முடிச்சதும் தொட்டியில விட்டுட்டேன்" என்றாள்.

வெற்றிலைச் செல்லத்தை அவர் அறுவைக்கு முந்தின நாளே அண்ணியிடம் கொடுத்துவிட்டார். உங்களில் யாராவது அதே செல்லத்தோடு இங்கே உட்கார்ந்திருந்தால், கூட்டம் முடிந்து போகும்போது ஒரு நிமிஷம் என்னோடு பேசிவிட்டுப் போங்கள்.